ஊன்றிய திருவடியும் டிசம்பர்ப் பூவும்

இலங்கையின் கந்தளாயில் ஆண்டின் மிக நீண்ட இரவுக்கும் மிகக் குறுகிய இரவுக்கும் உள்ள வித்தியாசம் ஒரு மணித்தியாலம்கூட வராது. பூமத்திய ரேகைக்கு அவ்வளவு கிட்ட இருக்கிறது இந்த ஊர். ஆனியில் ஆறரை மணியளவில் பொழுது படும். கார்த்திகையில் ஐந்தேமுக்காலுக்கே படும். இந்தச் சிறு நகர்வை நாங்கள் யாரும் பெரிதாக எடுப்பதில்லை. விளக்கைக் கொஞ்சம் முந்திப் போடுகிறோம், அவ்வளவுதான். மதிலோரம் நிற்கிற டிசம்பர்ப் பூச்செடிக்கு மட்டும் அது பெரிய விஷயம். ஐப்பசி மழை பிடித்து, வாடைக்காற்று திரும்பி, பகல் சற்றே குறுகியதும் அதன் இலைக்கக்கங்களில் மொட்டு தலைகாட்டத் தொடங்கும்.

கனகாம்பரத்தின் குடும்பத்தைச் சேர்ந்த பற்றை இது. இடுப்பளவு, விட்டால் நெஞ்சளவு உயரும். இந்தியாவிலிருந்து தென்சீனம் வரை இதற்குச் சொந்த நிலம். தாவரவியலில் பார்லேரியா கிறிஸ்ரேற்றா என்று 1753இல் லினேயஸ் பதிந்தார். 17ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஜாக் பரேலியே என்ற பிரெஞ்சுத் துறவியின் நினைவாக வந்த பெயர்; அவர் தொமினிக்கன் சபையைச் சேர்ந்தவர், செடிகளைப் படம் வரைந்து ஆராய்ந்தவர். செபமாலையும் செடியுமாக வாழ்ந்த ஒருவரின் பெயரை மார்கழியில் பூக்கிற செடி சுமப்பது எனக்குப் பொருத்தமாகவே படுகிறது. ஊதா, வெள்ளை, இளஞ்சிவப்பு என்று நிறம் பல. ஊதாவில் வெள்ளைக் கோடு விழுந்ததும் உண்டு. வாசம் எதற்கும் இல்லை.

ஆண்டு முழுவதும் பச்சை வாடாமல் நிற்கும் என்று சொன்னால் பெருமையாகக் கேட்கும். கிட்டப் போய்ப் பார்த்தால் அந்தப் பச்சையில் பார்க்க ஒன்றும் இல்லை. வேலியோரத்து எந்தப் பற்றைக்கும் அது வேறாகத் தெரியாது. மாசியிலிருந்து புரட்டாசி வரை, புதிதாக வருகிற யாரும் அதைக் காட்டி என்ன செடி என்று கேட்கமாட்டார்கள்.

ஆனால் மொட்டு வரும் விதம் பார்க்க வேண்டிய ஒன்று. கக்கத்தில் முதலில் தெரிவது பூவே அல்ல. ஓரமெல்லாம் சிறு முட்பல் வைத்த, நரம்பு தெளிவாகத் தெரிகிற இரண்டு பச்சைத் தகடுகள். அவை புறவிதழ்கள். அவற்றைப் பிரித்தால் உள்ளே இன்னும் இரண்டு, மிகச் சிறியவை. பிரிக்காதவர் கண்ணுக்கு அவை படவே படா. இந்த நாலுக்கும் நடுவில் மொட்டு பல நாள் வெளியே தெரியாமல் இருக்கும். ஒரு மாலை ஊதா முனை ஒன்று நீட்டும். அடுத்த காலை குழலாக நீண்டு ஐந்து மடலாக விரிந்திருக்கும். விரிந்த பூவில் விரல் பட்டாலே போதும், தகடுகளுக்குள்ளிருந்து வழுக்கிக் கழன்று கைக்கு வந்துவிடும். பறிக்கிறோம் என்று சொல்வதே மிகை. அது தயாராக இருக்கிறது, நாங்கள் வாங்கிக்கொள்கிறோம். அடுத்த மொட்டு அதே தகடுகளுக்குப் பக்கத்தில் காத்திருக்கும்.

வளர்ப்பதில் பெரிய வித்தை ஏதும் இல்லை. எங்கள் பக்கத்துச் செம்மண்ணில் நன்றாக வரும். அடியில் தண்ணீர் தேங்கக்கூடாது. பாதி முற்றிய தடியை ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி, அடியிலைகளைக் கிள்ளிவிட்டு, ஈரம் காயாத நிழலில் ஊன்றினால் வேர் விடும். விதையிலும் முளைக்கும். காய்ந்த காய் வெடித்து விதை தெறிப்பதால், நாம் நடாத இடத்திலும் கன்று நிற்கும். ஆடிக் கச்சான் காற்று மண்ணை உலர்த்துகிற நாட்களில் வேருக்குக் கொஞ்சம் தண்ணீரும், மேலே காய்ந்த இலைச் சருகு மூடாக்கும் வேண்டும். மாப்பூச்சி பிடித்தால் அந்தக் கிளையை வெட்டி அப்புறப்படுத்திவிடலாம். எருவில்தான் கை அடக்கம் தேவை. யூரியாவை அள்ளிக் கொட்டினால் இலை மதமதவென்று வரும், பூ குறையும். பூத்து முடிந்ததும் செடியை நன்றாக வெட்டிவிட வேண்டும், ஏனென்றால் வருகிற ஆண்டுப் பூ புதுத் தளிரில்தான் வரும். ஆனால் ஆவணிக்குப் பிறகு கத்தரிக்கோலைத் தொடாமல் இருப்பது நல்லது. மொட்டுக்கான கிளையை நாமே கழித்துவிடுவோம்.

இவ்வளவும் தோட்டப் புத்தகத்தில் இருக்கிற செய்தி. எனக்கு முக்கியமாகப் படுவது இன்னொன்று. இந்தச் செடிக்கு இரவில் விளக்கு வெளிச்சம் விழாத மூலை ஒன்று கொடுக்க வேண்டும்.

செடிகள் பகலின் நீளத்துக்கு ஏற்பப் பூக்கின்றன என்பதைக் கார்னர், அல்லார்டு என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் புகையிலையை வைத்து 1920இல் எழுதினார்கள். அப்போது எல்லாரும் பகலைத்தான் நினைத்தார்கள். 1938இல் ஹாம்னரும் பொன்னரும் மருளூமத்தையை எடுத்துக்கொண்டார்கள். ஒட்டு ஒட்டென்று சாரத்தில் பிடிக்கிற முட்காய்ச் செடி அது. பகலின் நடுவே அதைக் கொஞ்ச நேரம் இருட்டில் வைத்துப் பார்த்தார்கள். ஒன்றும் ஆகவில்லை, பூத்தது. நீண்ட இரவின் நடுவே மிகக் கொஞ்ச நேரம் வெளிச்சம் காட்டினார்கள். பூக்கவில்லை. பகல் குறைவது செடிக்குப் பொருட்டே அல்ல. இடையறாத இருட்டு எவ்வளவு நேரம் கிடைக்கிறது என்பதுதான் அதன் கணக்கு. அந்த இருட்டை உணர்வது இலை, பூப்பது கிளைநுனி. மருளூமத்தையில் ஒரே ஒரு இலைக்கு நீண்ட இரவு கிடைத்தால்கூடப் போதும், செடி பூத்துவிடும்.

செவ்வந்தியைத் தொழிலாக வளர்ப்பவர்கள் இந்த உண்மையைத் தலைகீழாகப் பயன்படுத்துகிறார்கள். சந்தைக்கு ஏற்பப் பூவைப் பின்போட நள்ளிரவில் மின்குமிழ் எரிக்கிறார்கள். எங்கள் வயல்காரர்களுக்கும் இது முற்றிலும் புதுச் செய்தி அல்ல. மாவீ போன்ற பழைய நெல்லினங்களைப் பெரும்போகத்தில் விதைத்தவர்களுக்குத் தெரியும்: விதைப்பு முன்பின்னானாலும், பகல் குறுகிய பிறகுதான் அந்தப் பயிர் குடலைக்கு வரும். குறுகிய வயது நெல் வந்த பிறகு இந்த அறிவு மெல்ல மறக்கப்பட்டது.

பிள்ளையார் பெருங்கதை விரதத்தின் 21 நாளும், அதைத் தொட்டுக்கொண்டு வருகிற திருவெம்பாவையின் பத்து நாளும் டிசம்பர்ப் பூவின் பருவத்துக்குள்ளேயே விழுகின்றன. திருவெம்பாவைக் காலத்தில் விடியுமுன் சங்கும் சேமக்கலமும் வீதியில் கேட்கும். அதற்கு முன்னே எழுந்து குளித்துப் பூ ஆய வேண்டும். சிவபூசைக்குரிய பூக்களை வகுத்துச் சொல்லக் கமலை ஞானப்பிரகாசரின் புட்பவிதி போன்ற நூல்களே இருக்கின்றன. வாசமில்லாத பூவை எங்கே வைப்பது என்று கேட்கிறவர்களும் இருக்கிறார்கள். அலரியும் நந்தியாவட்டையும் செவ்வரத்தையும் நடுவில் இருக்க, இந்த ஊதா ஓரமாகத் தட்டில் ஏறும். நான் அதற்காக வாதாடுவதில்லை.

அடுத்த வளவில் இருப்பவர் சிங்களப் பெண்மணி. என்னை அக்கே என்பார், நான் நங்கி என்பேன். உந்துவப் பௌர்ணமிக்கு விகாரைக்குக் கொண்டுபோகப் பூக் கேட்டு வருவார். சங்கமித்தை வெள்ளரசங் கன்றோடு இலங்கைக்கு வந்ததை நினைக்கிற நாள் அது.

"வாசமில்லாத பூவை உங்கட சாமி எடுக்குமா அக்கே?"

"எடுக்கும் நங்கி. உங்கட?"

"எங்கட ஆள் வாசத்தைப் பாக்கிறதில்ல. அது வாடுறதைப் பாக்கச் சொல்லித்தான் வைக்கிறது."

அவர்கள் பூசையில் பூ வாடுவதே தியானப் பொருள். எங்களுடைய பூசையில் அது வேறு. இரண்டுக்கும் ஒரே பற்றையிலிருந்து பூப் போகிறது.

திருவெம்பாவை திருவாதிரையில் முடியும். அன்று நடராசருக்கு உரிய நாள். கூத்தின் உருவத்தைச் சைவம் ஐந்தொழிலாகப் பார்க்கிறது. 13ஆம் நூற்றாண்டில் மனவாசகங்கடந்தார் எழுதிய உண்மை விளக்கம் அந்தக் கணக்கைத் தருகிறது: உடுக்கையில் படைப்பு, அமைத்த கையில் காப்பு, தீயில் அழிப்பு, தூக்கிய திருவடியில் அருள். மீதி ஒன்று மறைத்தல். அது முயலகன் மேல் ஊன்றிய திருவடிக்கு உரியது.

கோயிலில் நாங்கள் எல்லாரும் தூக்கிய பாதத்தையே பார்க்கிறோம். குஞ்சிதபாதம் என்று அதற்குத்தான் பேர், அதற்குத்தான் பாட்டு. முழுப் பாரத்தையும் தாங்குவது மற்றக் கால். அது இறைவன் தன்னை மறைத்துக்கொள்கிற கால் என்பதை நினைத்தால் கொஞ்சம் திகைப்பாக இருக்கும். உயிர் பக்குவப்படும்வரை அவன் தன்னைக் காட்டாமல், உலகத்தைக் காட்டி, அதன் இன்ப துன்பங்களில் உயிரை நடக்கவிடுகிறான். அப்படி மறைப்பதும் அருளின் ஒரு முகமே என்பது சித்தாந்தம். மறைக்கிற அந்தச் சக்தியைத் திரோதானம் என்பார்கள். உயிரைக் கட்டுகிற மலங்களின் வரிசையில் அதையும் வைப்பார்கள், ஆனால் பெயரளவில்தான். மலத்தைத் தொழிற்படுத்துவதால் அந்தப் பேர். இயல்பால் அது அருளே.

இருட்டு இரண்டு வகை என்பது இங்கே முக்கியம். 14ஆம் நூற்றாண்டில் உமாபதி சிவம் திருவருட்பயனில் இருளுக்கென்றே ஓர் அதிகாரம் வைத்தார். சாதாரண இருட்டு பொருள்களை மறைக்கும், ஆனால் தான் இருக்கிறேன் என்பதைக் காட்டிவிடும். ஆணவம் என்ற மல இருளோ பொருளையும் மறைத்து, தன்னையும் மறைத்துக்கொள்ளும் என்பது அவர் கருத்து. எனக்குக் கண் தெரியவில்லை என்று தெரிந்தவன் ஆணவ இருளில் பாதி வெளியே வந்தவன். ஒன்றும் குறைவில்லாமல் பூசை நடக்கிறது, எல்லாம் விளங்குகிறது என்று நினைக்கிற நாட்களைத்தான் நான் சந்தேகிக்கிறேன்.

பூசையில் ஒன்றும் தோன்றாத காலம் எல்லாருக்கும் வரும். தேவாரம் வாயில் ஓடும், மனம் வயலுக்கும் வங்கிக் கடனுக்கும் போய்வரும். விபூதி பூசினால் விபூதி பூசினதாக இருக்கும், அதற்குமேல் ஒன்றும் இராது. மாதக்கணக்கில் இப்படிப் போகலாம். அப்போது நாங்கள் செய்வது பெரும்பாலும் ஒன்றுதான். பக்தி முளைத்துவிட்டதா என்று நடுச்சாமத்தில் எழும்பி ரோச் அடித்துப் பார்க்கிறோம். புதுக் குருவைத் தேடுகிறோம், போனில் ஒரு சொற்பொழிவைப் போட்டுக் கேட்கிறோம், போன வருசம் எப்படி இருந்தேன் இப்போது எப்படி என்று ஒப்பிடுகிறோம். ஒவ்வொன்றும் நல்ல காரியம்தான், ஒவ்வொன்றும் வெளிச்சம்தான். மருளூமத்தைக்குக் காட்டிய வெளிச்சத்திலும் தீமை ஏதும் இல்லை, நேரம்தான் பிழை. பகலில் இருட்டு வந்தால் செடி பொறுத்துக்கொள்கிறது, இரவைக் கலைத்தால் மட்டுமே முதலிலிருந்து எண்ணத் தொடங்குகிறது. வாழ்க்கையின் நல்ல நாட்களில் இடையிடையே வருகிற துக்கம் எங்களைக் கெடுப்பதைவிட, மறைப்புக் காலத்தில் நாங்களே அவசரப்பட்டு ஏற்றுகிற விளக்குகள் கெடுப்பது அதிகம் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஆனால் இதை எங்கேயும் கொண்டுபோய்ப் பொருத்தலாம் என்று நினைக்கக்கூடாது. இந்த ஊரில் இருந்துகொண்டு அப்படி நினைக்கவும் முடியாது. 1986 ஏப்ரல் 20, பொழுது விடியுமுன், கந்தளாய்க் குளக்கட்டு உடைந்தது. 7ஆம் நூற்றாண்டு அக்கபோதி மன்னன் கட்டியது என்று சிங்கள வரலாறும், கோணேசர் கோயிலுக்கு நெல் விளையக் குளக்கோட்டன் கட்டியது என்று கோணேசர் கல்வெட்டு என்ற நூலும் சொல்கிற குளம். ஊர் அதைத் தெய்வம்போல் கும்பிட்டு வந்தது. அந்த அதிகாலையில் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் வெள்ளத்தில் போனார்கள், பலர் படுக்கையிலேயே. அதன் முன்னும் பின்னும் யுத்தத்தின் இரவுகள். அந்த இருட்டை அருள் என்று சொல்ல எனக்கு வாய் வராது. சொல்கிறவர்களோடு இருக்கவும் விருப்பமில்லை. சித்தாந்தத்தை வைத்து அடுத்தவரின் துயரத்துக்கு விளக்கம் கொடுப்பது ஆன்மிகத்தில் மலிந்துபோன கொடுமை. மறைப்பும் அருள்தான் என்ற கருத்து ஒருவர் தன் வரட்சியைப் பார்த்துத் தனக்குச் சொல்லிக்கொள்ள உரியது. பக்கத்து வீட்டு வாசலில் நின்று சொல்ல உரியது அல்ல. அங்கே தேவைப்படுவது சோறும் பாயும் விளக்கும்.

கட்டாயத்தால் வருகிற இருட்டும் அப்படித்தான். 2022இல் நாடெங்கும் நாள்தோறும் மணிக்கணக்கில் மின் துண்டிப்பு இருந்தது. அந்த இரவுகளில் செபம் பெருகியது என்று யாராவது சொன்னால் நான் நம்பமாட்டேன். வியர்வையும் நுளம்பும் விலைவாசிப் பேச்சுமாகப் பொரிந்துகொண்டிருந்தோம்.

நாங்கள் விரும்பி விட்டுக்கொடுக்கிற இருட்டு சிறியது, அடக்கமானது. திருவெம்பாவைக்கு எழும்புகிற அதிகாலையில் போனைத் தொடாமல், வாசல் விளக்கைப் போடாமல், கிணற்றடி வரை நடப்பது. பாட்டு முடிந்ததும் எனக்கு என்ன கிடைத்தது என்று கேட்காமல் எழுந்து தேத்தண்ணி வைப்பது. விரத நாட்களில் மௌனத்தை யாருக்கும் அறிவிக்காமல் இருப்பது. மிகையாக ஒன்றும் இல்லை. திருவாதிரை நிலவு நிறைந்து நிற்கிற காலத்தில்தானே வருகிறது, அந்த வெளிச்சம் செடியைக் கெடுக்காதா என்று ஒரு சிறுமி கேட்டாள். நல்ல கேள்வி. நிலவின் ஒளி மிக மெல்லியது. தெருவிளக்கைப்போல அது செடியை அதட்டுவதில்லை. எல்லா வெளிச்சமும் ஒரே அளவில் இரவைக் கலைப்பதில்லை என்பதும் தெரிந்துகொள்ள வேண்டியதுதான். நல்ல நட்பும் நல்ல பாட்டும் அந்த வகை வெளிச்சம் என்று வைத்துக்கொள்ளலாம்.

கந்தளாய்க்குக் கிட்ட, பளமோட்டையில் ஒரு தமிழ்க் கல்வெட்டு கிடைத்தது. முதலாம் விஜயபாகுவின் காலம். நங்கைச்சானி என்ற பிராமணக் கைம்பெண், கந்தளாயிலிருந்த தென்கைலாசம் என்ற சிவன் கோயிலுக்குத் தன் கணவரின் புண்ணியத்துக்காகத் தானம் எழுதி வைத்திருக்கிறாள். 20ஆம் நூற்றாண்டில்தான் அது வாசிக்கப்பட்டு அச்சேறியது. இடையில் எண்ணூறு ஆண்டுக்கும் மேல் போயிற்று. அவள் வைத்த பூசை எப்போது நின்றது, யார் நிறுத்தினார்கள், கல் எத்தனை தலைமுறையின் கண்ணில் படாமல் கிடந்தது என்பதையெல்லாம் யோசித்தால் மனம் கனக்கும். கொடுக்கும்போது அவளுக்கு அந்த யோசனை இருந்திராது. கணவன் போய்விட்டான்; கையில் இருந்ததைக் கொண்டுபோய்ச் சுவாமிக்குக் கொடுத்தாள். கொடுத்தது நிலைக்குமா என்று திரும்பிப் பார்க்கிற வேலையை அவள் கல்லிடம் விட்டுவிட்டாள்.

நங்கிக்கு வெள்ளைப் பூவில் ஒரு தடி வேண்டுமாம். ஊதா போதாதென்று இல்லை. பௌர்ணமிப் போயா தினத்துக்கு வெள்ளை தோதாக இருக்கும் என்கிறார். இப்போது வெட்டினால் மொட்டுகள் வீணாகும். தைக் கடைசியில் பூ ஓய்ந்ததும் வெட்டித் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். அவர் வளவின் முன்பக்கம் புதிதாகத் தெருவிளக்குப் போட்டிருக்கிறார்கள், ஆகவே பின்பக்கம், கிணற்றுக்கு அந்தப் புறம் ஊன்றச் சொன்னேன். பங்குனி வெயிலுக்கு முன் வேர் பிடிக்க வேண்டும். அதுவரை தினமும் ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றினால் போதும்.